அண்ணன் பெயர் ஒட்டிய பீர் பாட்டில்

1

போன சனிக்கிழமை எங்கள் கம்பெனியில் ஒரு சின்ன விழா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சோதனையாகச் செய்து வெளியிட்ட கறுப்பு நிற பீர் ஒன்று இப்போது பக்கத்து ஊர்களில் எல்லாம் பிரபலமாகிவிட்டது. அதற்கு இரண்டாம் ஆண்டு நிறைவு. முற்றத்தில் மேஜை போட்டு, வந்தவர்களுக்கு எல்லாம் ஊற்றிக் கொடுத்தார்கள். நான் லேப் கோட்டைக் கழற்றாமல் கதவோரமாக நின்றேன். யாரோ ஒருவர் பாட்டிலைத் தூக்கி அதில் ஒட்டிய படத்தைக் காட்டி, "இது உன் அண்ணனாமே" என்று என் முதுகில் தட்டினார். நான் சிரித்தேன்.

இதே பத்திரிகையில் முன்பு எழுதிய குறிப்புகளில் நான் பெல்ஜியத்தில் ஒரு மால்ட் கம்பெனியில் வேலை பார்ப்பதாக எழுதியிருந்தேன். படித்தவர்கள், குழந்தைகளுக்குப் பாலில் கலக்கிக் கொடுக்கும் மாவு செய்கிற இடம் என்று நினைத்திருப்பீர்கள். அப்படி நினைக்க வேண்டும் என்றுதான் எழுதினேன். மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. அதைக் கொண்டு எங்கள் கம்பெனி செய்வது பீர். அதுவும் மற்ற இடத்துப் பீரைவிட இரண்டு மடங்கு வேகமுள்ளது. பத்து வருஷமாக அதில்தான் எனக்குச் சோறு.

எங்கள் ஊரில் என் அண்ணனும் உங்களைப் போலவேதான் நினைத்திருந்தார்.

2

எங்களுக்கு நாமக்கல் பக்கம் கரும்புத் தோட்டம். அண்ணன் செங்கோடன் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். நான் கெமிஸ்ட்ரி படித்து மேட்டூரில் ஒரு கம்பெனி லேபில் சேர்ந்தேன். மஞ்சள் காமாலையில் படுத்தபோது ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் ஸ்டெல்லா. சேலத்துக் கத்தோலிக்கக் குடும்பம். கல்யாணம் என்று சொன்னதும் அப்பா பேச்சை நிறுத்தினார். கடைசிவரை பேசவே இல்லை. சேலம் சர்ச்சில் நடந்த கல்யாணத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து வந்தவர் அண்ணன் ஒருவர்தான். எப்போது எழுந்து நிற்பது, எப்போது உட்காருவது என்று தெரியாமல் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் கடைசிவரை நின்றுகொண்டே இருந்தார்.

கன்னிகாஸ்திரிகள் மூலமாக ஸ்டெல்லாவுக்கு பெல்ஜியத்தில் ஃப்ளாண்டர்ஸ் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ஆறு மாதம் கழித்து மகளைத் தூக்கிக்கொண்டு நான் வந்து சேர்ந்தேன். மனைவியின் சம்பளத்தில் வந்த கணவனுக்கு, பாஷை தெரியாதவனுக்கு, பாட்டில் கழுவும் வேலைதான் கிடைத்தது. அந்தச் சிறிய பீர் கம்பெனியின் முதலாளி பெயர் வில்லம். அவரும் ஐந்து ஆட்களும்தான் மொத்தக் கம்பெனி. ஒருநாள் லேபில் அவர் மைக்ரோஸ்கோப்பை வைத்துக்கொண்டு திண்டாடியபோது நான் கையைத் துடைத்துக்கொண்டு போய்ச் சரிசெய்து கொடுத்தேன். அடுத்த வாரம் முதல் பீரைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்னுடையது.

இந்த ஊர்ப் பாஷையில் ஈஸ்ட்டுக்கு கிஸ்ட் என்று பெயர். நேற்று என்பதற்கு கிஸ்டரன். ஒரு காலையில் தொட்டியில் ஈஸ்ட் செத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் வில்லமிடம், "நேற்று செத்துவிட்டது" என்று சொன்னேன். அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "ஆமாம், என்ன செய்வது" என்றார். இரண்டு நாள் கழித்துத்தான் அவருக்கே விஷயம் விளங்கியது. இப்போதும் புதிதாக வருகிற ஆட்களிடம் எல்லாம் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார்.

நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்பதை அண்ணனுக்கு எழுத முதலில் வெட்கமாக இருந்தது. ஊரில் அப்போது மதுவிலக்கு. பிறகு எழுதவே முடியாமல் போயிற்று.

3

அண்ணனுக்கு ஒரே மகள், பூங்கொடி. நாமக்கல்லில் லாரி ஓட்டும் ராஜு என்ற பையனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். நான் அவனைப் பார்த்தது கல்யாண போட்டோவில்தான். கல்யாணம் முடிந்து ஒன்றரை வருஷத்தில், மடியில் நாலு மாதக் கைக்குழந்தை இருக்கும்போது, பூங்கொடி அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தாள். ராஜு எங்கோ ஒளித்து விற்ற சாராயத்தைக் குடித்துச் செத்துப்போனான். அவனோடு குடித்த இன்னும் இரண்டு பேரும் போனார்கள்.

தந்தி மூன்றாம் நாள் வந்தது. அப்போதே கிளம்ப நினைத்தேன். வெளிநாட்டுக்காரர்களுக்கு இங்கே ஒரு அட்டை கொடுத்திருப்பார்கள். என்னுடையதைப் புதுப்பிக்கக் கொடுத்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. நகராட்சி அலுவலகத்தில் ஜன்னலுக்கு உள்ளே இருந்த அம்மாள் நல்லவர். தந்தியை வாங்கிப் படித்தார். செத்தவர் எனக்கு என்ன உறவு என்று கேட்டார். அண்ணன் மகளின் புருஷன் என்றேன். எனக்குத் தெரிந்த பாஷையில் அதைச் சொல்வதற்குள் வியர்த்துவிட்டது. அவர் பட்டியலில் அப்பா, அம்மா, மனைவி, பிள்ளை இருந்தார்கள். அண்ணன் மகளின் புருஷன் இல்லை. நான் போவதை யாரும் தடுக்கவில்லை, ஆனால் அட்டை இல்லாமல் போனால் திரும்பி உள்ளே வர முடியாது என்று மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல இரண்டு தடவை சொன்னார்.

நான் போகவில்லை. அண்ணன் எழுதச் சொல்லி யாரோ எழுதிய கடிதம் ஒன்று வந்தது. நீ வந்து என்ன செய்யப் போகிறாய், பிள்ளை குட்டியோடு அங்கேயே நல்லபடியாக இரு என்று அதில் இருந்தது. அன்று மத்தியானம் நான் எப்போதும்போல வேலைக்குப் போனேன். அன்றைக்குத் தொட்டியிலிருந்து புது பீர் எடுத்து ருசி பார்த்துக் குறிப்பு எழுத வேண்டிய நாள். எழுதினேன்.

4

பெரிய கம்பெனிகளின் மஞ்சள் பீர் எல்லா ஊரையும் பிடித்துக்கொண்டதில் வில்லமின் வியாபாரம் படுத்தது. பழைய முறையில் வேகமான, கறுப்பான பீர் ஒன்று செய்து பார்க்கலாம் என்று அவருக்கு யோசனை. இந்த நாட்டில் அதற்கு ஒருவகைக் கறுப்புக் கற்கண்டு போடுவார்கள். அந்த நேரத்தில் சேலத்திலிருந்து வந்த ஒரு பாதிரியார் கையில் அண்ணன் உருண்டை வெல்லம் கொடுத்து அனுப்பியிருந்தார். மத்தியான டீக்கு நான் அதைக் கடித்துக்கொண்டிருந்தேன். வில்லம் கேட்டு வாங்கி வாயில் போட்டார். பிறகு என்னை விடவில்லை. எங்கே கிடைக்கும், யார் செய்வது, ஒரு மூட்டை வருமா என்று தினமும் கேட்டார். கிடைக்காது என்று இரண்டு மாதம் சொல்லிப் பார்த்தேன். கம்பெனியை மூட வேண்டிவரும் என்று அவர் கண் கலங்கியதும் அண்ணனுக்கு எழுதினேன்.

எங்கள் கம்பெனி புதிதாகச் சத்துள்ள பானம் ஒன்று செய்கிறது, முதலாளிக்கு நம் வெல்லத்தின் மணம் பிடித்துவிட்டது என்று எழுதினேன்.

அதற்குள் பூங்கொடி டீச்சர் டிரெயினிங் முடித்துப் பள்ளிக்கூட வேலையில் சேர்ந்திருந்தாள். அப்பா சொல்வதை அவர் பேச்சிலேயே எழுதிவிடுவாள். "கொழந்தைக குடிக்கறதுன்னா வெளுக்கற மருந்து போடாமக் காச்சித் தாரேன் சாமி. கறுப்பாத்தான் இருக்கும். பரவாயில்லியான்னு மொதலாளியக் கேட்டு எழுது."

தனியாக ஒரு கொப்பரை காய்ச்சி அனுப்பினார். மூட்டை ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் நின்றுபோயிற்று. இது சர்க்கரையா, மிட்டாயா, மருந்தா என்று சுங்க ஆபீஸில் முடிவுசெய்ய முடியவில்லை. விளைந்த இடத்திலிருந்து அரசாங்கச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அண்ணன் நாமக்கல் தாலுகா ஆபீசுக்கு மூன்று தடவை போனார். வெல்லத்தை வெல்லம்தான் என்று எழுதிக் கொடுத்து அங்கே யாருக்கும் பழக்கம் இல்லை. கடைசியில் பூங்கொடியே இங்கிலீஷில் எழுதிக்கொண்டு போய் நின்று முத்திரை வாங்கினாள்.

பீர் கொதிக்கும்போது வெல்லத்தைப் போட்டோம். முதல் இரண்டு நாள் நன்றாகப் பொங்கியது. மூன்றாம் நாள் அடங்கிவிட்டது. அரைகுறையாகப் புளித்த, தித்திப்பான கறுப்புத் தண்ணீர். வில்லம் சாக்கடையில் திறந்துவிடச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். அன்றைக்கு நான் அவர் சொன்னபடி செய்திருக்கலாம். குழாயைத் திருப்ப வேண்டியதுதான். ஆனால் ஏழெட்டு வருஷம் ஈஸ்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அது சாவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. வேறொரு தொட்டியிலிருந்து நல்ல ஈஸ்ட் எடுத்துச் சேர்த்து, சூட்டை இரண்டு டிகிரி ஏற்றி வைத்தேன். மறுநாள் காலையில் மூடியைத் திறந்தால் நுரை விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

5

பாட்டிலில் ஒட்டும் சீட்டை வெளியீட்டு விழா அன்றுதான் பார்த்தேன். கரும்பு ஆலைக்குப் பக்கத்தில் தலைப்பாகை கட்டிய ஒருவர் நிற்கும் படம். எங்கள் வீட்டு போட்டோ ஒன்றைப் பார்த்து வரைந்தது. கீழே, இந்தியாவில் எங்கள் ஊர்ப் பெயரும், அந்த ஊர்ச் செங்கோடன் காய்ச்சிய வெல்லத்தில் செய்தது என்ற வரியும். ஊர்ப் பாதிரியார் முதல் பீப்பாய் மேல் தீர்த்தம் தெளித்தார். வில்லம் என் தோளில் கை போட்டுக்கொண்டு எல்லோரையும் பார்க்கச் சொன்னார். எனக்குச் செய்த மரியாதை அது. என் முகம் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. ஸ்டெல்லா மட்டும் அருகில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

போட்டோவைக் கொடுத்தது என் மகள் கவிதா. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. பெரியப்பா தாலுகா ஆபீசுக்கு நடந்த கதையை வில்லமிடம் சொன்னவளும் அவள்தான். நான் தமிழில் கேட்டால் அவள் இந்த ஊர்ப் பாஷையில் பதில் சொல்வாள். அன்றைக்கும் அப்படித்தான். பெரியப்பா பெயர் அச்சில் வந்திருக்கிறதே, அவருக்குச் சந்தோஷமாக இருக்காதா என்று கேட்டாள். பூங்கொடியின் புருஷன் எப்படிச் செத்தான் என்பதை நாங்கள் அவளுக்குச் சொன்னதில்லை. அவள் பாஷையில் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. என் பாஷையில் சொன்னால் அவளுக்கு முழுதாகப் புரியாது. நான் தேடிக்கொண்டு நிற்கும்போதே அவள் இன்னொன்றையும் சொன்னாள். சீட்டு அச்சாகி வந்த அன்றே ஒன்றை எடுத்து, இங்கிலீஷில் விளக்கம் எழுதி, பூங்கொடி அக்காவுக்குத் தபாலில் போட்டுவிட்டாளாம்.

திங்கட்கிழமை காலை தபால் ஆபீசில் போய் நின்றேன். பெட்டியில் போட்ட கடிதம் அதை வாங்கப் போகிறவருக்குச் சொந்தம், உங்களுக்கு இல்லை என்று சொன்னார்கள். அதுவும் அது போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது.

அந்த வரியை எடுத்துவிடச் சொல்லி வில்லமிடம் கேட்டேன். காரணத்தையும் எனக்குத் தெரிந்தமட்டும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து கேட்டார். அது விஷம், இது பீர் அல்லவா, உன் அண்ணனுக்கு வித்தியாசம் தெரியாதா என்றார். பிறகு, சீட்டை மாற்றினால் மந்திரி ஆபீசில் மறுபடி அனுமதி வாங்க வேண்டும், ஒரு வருஷம் ஆகும், அதற்குள் கம்பெனி இருக்காது என்றார். அவர் சொன்ன எதுவும் பொய் இல்லை. இன்று வரைக்கும் அந்தச் சீட்டுத்தான். வெல்லம் மட்டும் இப்போது எங்கள் ஊருடையது இல்லை. வேறு எங்கிருந்தோ வருகிறது.

ஊரிலிருந்து பதில் வரவில்லை. நான் மூன்று கடிதம் எழுதினேன். மூன்றிலும் சௌக்கியம் விசாரித்ததைத் தவிர எதையும் எழுத முடியவில்லை.

6

அடுத்த வருஷம் தைப் பொங்கலுக்கு மூவரும் ஊருக்குப் போனோம். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்று கூப்பிடுவோம். நங்கை எப்போதும்போல வாசலுக்கு வந்து கவிதாவைக் கட்டிக்கொண்டார். கோழிக் குழம்பு வைத்தார்கள். சீட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மறுநாள் காலையில் அண்ணன் என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். கரும்பு இருந்த இடம் பூராவும் மரவள்ளிக்கிழங்கு. வெல்லம் காய்ச்சும் ஆலைக்கொட்டாய் பிரித்துக் கிடந்தது. வரப்பில் உட்கார்ந்த பிறகு அவராகவே ஆரம்பித்தார்.

"பூங்கொடி படிச்சுச் சொன்னா. என்ற பேரப் போட்டிருக்குதாமா."

"ஆமாங்ணா."

"அதக் குடிச்சு அந்த ஊர்ல யாராச்சும் செத்திருக்கறாங்களா?"

"இல்லீங்ணா."

"ஒருத்தருமில்ல?"

"இல்லீங்."

"அப்பறம் நம்ம மாப்பளைக்கு மட்டும் ஏஞ் சாமி அப்படியாச்சு?" என்றார்.

அது வேறு, இது வேறு என்று சொல்லத் தொடங்கினேன். ராஜு குடித்ததில் யாரோ கம்பெனிகளுக்குப் போகிற ஸ்பிரிட்டைக் கலந்துவிட்டார்கள், அதுதான் கொன்றது, வெல்லம் ஊறினால் மட்டும் ஆள் சாகாது என்று நான் படித்ததை எல்லாம் சொன்னேன். அண்ணன் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இருக்கும். நீ படிச்சவன். ஆனா அவனுங்களும் வெல்லத்துலதான் ஊறப்போடறானுங்க. நா வித்த வெல்லம் எங்க போவுதுன்னு எனக்குத் தெரியறதில்ல சாமி. நீ கேட்டதுதான் தெரிஞ்சு போவுதுன்னு இருந்தேன்."

அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து மடை திருப்பப் போய்விட்டார். நான் மன்னிப்புக் கேட்க நினைத்து வந்தவன். வீட்டுக்குப் போகலாம் வாங்க என்று மட்டும் சொன்னேன்.

கிளம்புகிற நாள் மத்தியானம், கொல்லைப்புறத்தில் பூங்கொடி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லாவும் பக்கத்தில் உட்கார்ந்து மடித்துக் கொடுத்தாள். பூங்கொடி என்னை உட்காரச் சொன்னாள். அப்பாகிட்டச் சொன்னீங்களாமே சித்தப்பா, ஸ்பிரிட்டு என்று, அது உடம்பில் என்ன செய்யும் என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் பாடம் கேட்பதுபோலத்தான் கேட்டாள். நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குடித்த உடனே தெரியாது, மறுநாள்தான் தெரியும், முதலில் கண்ணைப் பிடிக்கும் என்றேன்.

பூங்கொடி கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"வெளக்கப் போடு, வெளக்கப் போடுன்னாருங்க சித்தப்பா. அப்பப் பகல் பன்னண்டு மணி. இன்னும் போதை எறங்கலன்னு நெனச்சு நா வஞ்சு போட்டேன். கதவச் சாத்தீட்டு வந்து கொழந்தைக்குப் பால் குடுத்துட்டு உக்காந்துட்டேன்."

சாயங்காலம் மூச்சு வாங்கிய பிறகுதான் பயந்துபோய் வண்டி பிடித்திருக்கிறார்கள். நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. ஆறு வருஷமாக இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"பன்னண்டு மணிக்கே கூட்டீட்டுப் போயிருந்தாப் பொழைச்சிருப்பாராங்க சித்தப்பா?"

இதற்குப் பதில் எனக்குத் தெரியும். கெமிஸ்ட்ரி படித்தவனுக்கும் தெரியும், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவளுக்கும் தெரியும். அந்த விஷத்துக்கு மாற்று மருந்து நல்ல சாராயம்தான். சுத்தமான மதுவை அளவு பார்த்து விடாமல் உடம்பில் ஏற்றினால் அது விஷத்தை வேலை செய்ய விடாமல் தடுத்து நிறுத்தும். ஸ்டெல்லாவின் ஆஸ்பத்திரியில், கார் கண்ணாடி துடைக்கிற தண்ணீரைத் தெரியாமல் குடித்துவிட்ட ஒருவரை அப்படித்தான் பிழைக்க வைத்தார்கள். வேறு எதுவும் இல்லாத அவசரத்துக்கு, வேகமான மது எதுவானாலும் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை தாங்கும். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பார்வை போகத் தொடங்கியவனுக்கு இன்னும் நேரம் இருந்திருக்கிறது. சாயங்காலம்வரை இருந்திருக்கிறது.

"பொழைச்சிருக்க மாட்டாரு சாமி. கண்ணு போயிடுச்சுன்னா அப்பறம் ஒண்ணும் பண்ண முடியாது" என்றேன்.

"நெசமாவாங்க?"

"நெசந்தான்."

அவள் ஸ்டெல்லாவைத் திரும்பிப் பார்த்தாள். ஸ்டெல்லா, ஆமாம் பூங்கொடி, முடியாது என்றாள். பூங்கொடி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு உள்ளே போய் எங்களுக்குக் காப்பி வைத்தாள். அன்று அவள் குரல் கொஞ்சம் தெளிவாக இருந்ததாக எனக்குத் தோன்றியது. நானாக நினைத்துக்கொண்டதாகவும் இருக்கலாம்.

சேலத்துக்குப் போகிற பஸ்ஸில் ஸ்டெல்லா ஜெபமாலையை எடுத்தாள், மறுபடி பையில் போட்டுக்கொண்டாள். கவிதா ஜன்னல் பக்கம் தூங்கிவிட்டாள். திரும்பி வந்து நான் அதே தொட்டிகளைத்தான் பார்த்துக்கொள்கிறேன். வேறு வேலை எனக்குத் தெரியாது.

பூங்கொடியின் பள்ளிக்கூடத்துக்கு இந்தப் பத்திரிகை வருவதில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் இதை எழுதினேன். இருந்தாலும் பெயர்களை மாற்றியிருக்கிறேன், எங்கள் ஊர் எது என்று எழுதவில்லை. உங்கள் பக்கத்தில் அப்படி ஒரு டீச்சர் இருந்து, இது அவள்தான் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டால், தயவுசெய்து இந்தப் பக்கத்தை அவளிடம் காட்டாதீர்கள்.